கைப்பக்குவம் எங்கே போயிற்று? முதுமையில் மணம் அறியும் புலன் குறைவது ஏன்?

கண் மங்கினால் கண்ணாடி வாங்கித் தருகின்றோம். காது மந்தமானால் அருகில் சென்று உரக்கப் பேசுகின்றோம். பல் விழுந்தால் சோற்றைக் குழைய வடித்துப் பரிமாறுகின்றோம். முதுமை வந்து புலன்களின் வாயிலை ஒவ்வொன்றாகத் தட்டும்போது, வீட்டில் உள்ளோர் அதனைக் கண்டறிந்து ஏதேனும் ஒரு வகையில் ஈடுசெய்யவே முயல்கின்றோம். ஆனால் ஐம்புலன்களுள் ஒன்று மட்டும் எவருக்கும் தெரியாமலே விலகிச் சென்றுவிடுகின்றது. அதனை இழந்தவருக்கே, பல வேளைகளில், இழந்தது இன்னதென்று தெரிவதில்லை. அதுவே மூக்கின் புலன். மணத்தையும் நாற்றத்தையும் பகுத்தறியும் நுகர்புலன்.

நமக்கு நெடுநாளாகப் பழக்கமான குடும்பம் ஒன்று. அவ்வீட்டுப் பாட்டிக்கு வயது 72. பங்குத் திருவிழாவன்று அவர் வைக்கும் மீன் குழம்பை உண்பதற்கென்றே வெளியூர் உறவினர்கள் வந்து சேர்வார்கள். பாட்டிக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை. நாவில் விட்டுப் பார்க்கவும் வேண்டியதில்லை. கொதிக்கும் சட்டியின்மேல் சற்றே குனிந்து, எழும் ஆவியை முகர்ந்து, "புளி இன்னும் பச்சையாக இருக்கிறது" என்றோ, "போதும், இறக்கிவிடு" என்றோ சொல்லிவிடுவார்.

அந்தக் கைப்பக்குவம் ஓரிரு ஆண்டுகளில் எங்கோ போய்விட்டது. ஒரு நாள் குழம்பில் உப்பு மிகும். மறுநாள் மசாலை பச்சை வாடை அடிக்கும். பால் அடிப்பிடித்துத் தீய்ந்த நெடி தெருவரை வீசும். பாட்டியோ அடுப்பின் அருகிலேயே அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். ஒரு நாள் பிற்பகல், பொங்கி வழிந்த பால் அடுப்பை அணைத்துவிட, எரிவாயு கசிந்து வீடெங்கும் பரவியது. அடுத்த அறையில் பாட்டி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்து திரும்பிய பேரன் வாசலிலேயே நாற்றத்தை உணர்ந்து, ஓடிச்சென்று உருளையை மூடினான். இறையருளால் விபத்து ஒன்றும் நேரவில்லை.

"அம்மாவுக்கு வரவர எதிலும் கவனமே இல்லை" என்று மகன் கடிந்துகொண்டார். "அத்தை, இனிமேல் நீங்கள் அடுப்பங்கரைப் பக்கமே வரவேண்டாம்" என்று மருமகள் சொல்லிவிட்டார். பாட்டி மறுமொழி ஒன்றும் கூறவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டார்.

சில நாள்கள் கழித்து, பேத்தி ஒரு பந்து மல்லிகைப் பூவைப் பாட்டியின் மடியில் போட்டு, "எப்படி மணக்குது பாருங்க பாட்டி" என்றாள். பாட்டி எடுத்து முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே தாயி. ரொம்ப நாளாவே பூ மணக்கிறதில்லை. இப்போ வர்ற பூவெல்லாம் அப்படித்தான் போலிருக்குன்னு இருந்துட்டேன்" என்றார். அப்பொழுதுதான் வீட்டாருக்கு உண்மை விளங்கிற்று. பாட்டியிடம் குறைந்திருந்தது கவனமன்று, மோப்பம்.

நம் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய பாட்டியரும் தாத்தாக்களும் இருக்கக்கூடும் அல்லவா? "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று நாம் விட்டுவிடும் இக்குறைக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் சிலவற்றிற்கு மருத்துவம் உண்டு. சில, பெரியதொரு நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

மூக்கின் கூரையில் நடப்பது

மூச்சுக்காற்று செல்லும் வழி முழுவதும் மணத்தை அறிவதில்லை. மூக்கின் உட்கூரையில், இரு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில், சிறியதொரு சவ்வுப் பகுதி உள்ளது. அதில் பல இலட்சம் நரம்பு உயிரணுக்கள் பொதிந்துள்ளன. ஒரு பொருளிலிருந்து எழும் நுண்துகள்கள் காற்றோடு வந்து அச்சவ்வின் ஈரத்தில் கரைந்ததும், இந்த உயிரணுக்கள் கிளர்ச்சியுறுகின்றன. அவற்றின் மெல்லிய இழைகள் சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியே மேலே சென்று மூளையின் அடிப்பகுதியை அடைகின்றன. மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளுள் முதலாவதாக எண்ணப்படுவது இந்த மோப்ப நரம்பே.

மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் செயற்படுகின்றன. அவை கூடியும் குறைந்தும் கிளர்வதற்கு ஏற்ப, எண்ணற்ற மணங்களை நாம் பிரித்தறிகின்றோம். இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக்களை 1991-ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்ட ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் என்னும் அமெரிக்க அறிவியலார் இருவருக்கும் 2004-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இங்கே நாம் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நாவினுடையதன்று. இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, இறைச்சிச் சாறு போன்றவற்றில் உள்ள ஒருவகை ஊண்சுவை ஆகியவற்றை மட்டுமே நா உணர்கின்றது. வாயில் மெல்லும் உணவின் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கின் கூரைக்கு ஏறும்பொழுதுதான், இது சீரகம், இது கொத்தமல்லி, இது நெய் என்று வேறுபடுத்தி அறிகின்றோம். கடுஞ்சளி பிடித்த நாளில் எதைத் தின்றாலும் ஒன்றுபோல் இருப்பது இதனால்தான். மோப்பம் போனவர், "வாய்க்கு ருசி இல்லை" என்றே முறையிடுவார். மூக்கைக் குறை கூறமாட்டார். சப்பென்றிருக்கும் குழம்பில் மேலும் மேலும் உப்பிடுவார். பாட்டியின் குழம்பு கரித்ததன் மருமம் இதுவே.

முதுமை ஒன்றே காரணமா?

முதுமைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மோப்ப உயிரணுக்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவை தேய்ந்து மடிய மடிய, புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் வயது ஏற ஏற இப்புத்துயிர்ப்பு தளர்கின்றது. மோப்பச் சவ்வு இருந்த இடத்தில், திட்டுத் திட்டாக, மணம் அறியாத சாதாரணச் சவ்வு படர்ந்துவிடுகின்றது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு டோட்டியும் அவர்தம் குழுவினரும் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயது வரையுள்ளோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 80 வயதைக் கடந்தோரில் முக்கால் பங்கினருக்கு மேற்பட்டோருக்கும் மோப்பம் பெரிதும் குறைந்திருக்கக் காணப்பட்டது. அந்நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டாம் என்னும் ஊரில் ஏறத்தாழ 2,500 பேரிடம் நடத்தப்பெற்று, 2002-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு நம்மை மேலும் சிந்திக்க வைக்கின்றது. 53 வயது முதல் 97 வயது வரையுள்ள அவர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கு மோப்பக் குறைவு இருந்தது. ஆனால், "உமக்கு மோப்பம் குறைந்துள்ளதா?" என்று கேட்டபொழுது, ஆம் என்றவர்கள் நூற்றுக்கு 10 பேருக்கும் குறைவே. குறையுள்ளோர் பலருக்கும் தம் குறை தெரியவில்லை.

ஆயினும், முதுமை என்னும் ஒரே சொல்லில் இதனை முடித்துவிடுவது முறையன்று. 80 வயதிலும் மூக்குக் கூர்மையோடு வாழ்வோர் இருக்கின்றனர். 60 வயதிலேயே இழந்தோரும் உளர். எனவே வேறு காரணங்களையும் தேடுதல் வேண்டும்.

வழி அடைபடுதல்

முதற்காரணம், மணத்தைச் சுமந்துவரும் காற்று மூக்கின் கூரையை எட்டாமற்போவது. ஒவ்வாமையால் நாள்தோறும் காலையில் அடுக்கடுக்காகத் தும்முவோர், சைனஸ் எனப்படும் முக எலும்பறைகளில் நீடித்த அழற்சி உள்ளோர், மூக்கினுள் சதை வளர்ச்சி உடையோர் ஆகியோருக்கு இவ்வாறு நேர்கின்றது. இச்சதை பெரும்பாலும் உரித்த திராட்சைபோல் வெளிறி, வலியின்றி வளரும். வலி இல்லாமையால் பலர் மருத்துவரை நாடுவதில்லை. மூக்கினுள் தெளிக்கும் அழற்சி தணிக்கும் மருந்துகளாலோ, தேவைப்படின் அறுவை மருத்துவத்தாலோ, அடைபட்ட வழியைத் திறக்க இயலும். காரணங்கள் அனைத்திலும் மோப்பம் மீள்வதற்கு நல்ல வாய்ப்புள்ளது இதுவே என்பதை நினைவில் இருத்துவோமாக.

இதற்கு நேர்மாறான நோய் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. மூக்கின் உட்சவ்வு மெலிந்து, உலர்ந்து, உள்ளே பொருக்குக் கட்டித் துர்நாற்றம் வீசும். அருகில் இருப்போர் முகம் சுளிப்பர். நோயாளிக்கோ அந்நாற்றம் தெரியாது. அவரை ஒதுக்கிவைத்தல் அறமன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நம் கடமை.

நச்சுக்கிருமி விட்டுச்செல்லும் தழும்பு

சாதாரணச் சளி, குளிர்காய்ச்சல் ஆகியவை குணமான பின்னும் சிலருக்கு மோப்பம் திரும்புவதில்லை. சளியை உண்டாக்கும் நச்சுயிர், மூக்கடைப்போடு நில்லாமல் மோப்பச் சவ்வையே தாக்கியிருக்கும். நடுவயதைக் கடந்தோரிடமே இது மிகுதியாகக் காணப்படுகின்றது.

2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாப் பெருந்தொற்று, அதுவரை மருத்துவர் மட்டுமே அறிந்திருந்த இக்குறையை ஊரறியச் செய்தது. மூக்கடைப்புக்கூட இன்றி, திடீரென மணமும் சுவையும் மறைந்தவர் எண்ணற்றோர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நம் நாட்டின் நலவாழ்வு அமைச்சகமும் இதனை அந்நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்நச்சுயிர் பெரும்பாலும் மோப்ப நரம்பணுக்களை நேராகத் தாக்காமல், அவற்றிற்கு ஊட்டமும் துணையுமாக உள்ள அணுக்களைத் தாக்குவதாக ஆய்வாளர் கண்டனர். ஆதலின் பலருக்குச் சில வாரங்களிலேயே மோப்பம் திரும்பியது. சிலருக்கு ஆண்டுகள் கடந்தும் முழுமையாகத் திரும்பவில்லை. வேறு சிலருக்குத் திரும்பிய மோப்பம் திரிந்தும் போயிற்று. காப்பி மணம் தீய்ந்த நெடியாகவும், வெங்காயம் அழுகல் நாற்றமாகவும் தோன்றின. இது மனப்பிரமையன்று. சிதைந்த நரம்புகள் மீண்டும் வளரும்போது நேரும் குழப்பமே என்பதை அறிந்து, அவர்களை ஏளனம் செய்யாதிருப்போமாக.

தலையில் பட்ட அடி

குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்ட முதியவருக்கு வெளிக்காயம் ஆறிவிடுகின்றது. சில நாள் கழித்து உணவில் மணமே இல்லை என்கின்றார். அடிபட்டபோது மூளை ஒரு கணம் அசைந்ததில், சல்லடை எலும்பின் துளைகள் வழியே செல்லும் மெல்லிய நரம்பிழைகள் அறுபட்டிருக்கக்கூடும். எலும்பு முறியாத அடியிலும் இது நேரலாம். தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் சென்று விழும் இளைஞருக்கும் இதே ஆபத்து உண்டு. தலையில் அடிபட்ட பின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால், அது சளியாயிராமல் மூளையைச் சூழ்ந்த நீராகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் இன்றியமையாதது.

பொடியும் புகையும் மருந்தும்

பீடி, சிகரெட்டுப் புகை மோப்பச் சவ்வைப் பாழ்படுத்தும். மூக்குப்பொடியும் உட்சவ்வை ஓயாது உறுத்தித் துன்புறுத்துவதே. பூச்சிக்கொல்லி, சாயம், அமிலம், கரைப்பான் முதலியவற்றின் ஆவியில் முகமூடியின்றிப் பல்லாண்டு உழைத்தோரின் மோப்பமும் குன்றும்.

மருந்துகளிலும் கவனம் தேவை. மூக்கடைப்பிற்குக் கடையில் வாங்கி இடும் சொட்டு மருந்தை மூன்று, நான்கு நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், அதுவே அடைப்பை மிகுவிக்கும். துத்தநாகம் கலந்து மூக்கினுள் இடும் சில சளி மருந்துகள் மோப்பத்தையே அழிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-ஆம் ஆண்டில் எச்சரித்தது. இரத்த அழுத்தத்திற்கும் தொற்றுக்கும் கொடுக்கப்படும் மருந்துகளுள் சிலவும் சுவையை மாற்றுவதுண்டு. ஆனால், அதற்காக மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் நிறுத்திவிடலாகாது. நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய், பி-12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியவையும் ஆராயத்தக்க காரணங்களே.

மூளையிலிருந்து வரும் முன்னறிவிப்பு

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றி எழுதியதனால் அந்நோய் அவர் பெயரால் வழங்குகின்றது. கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியுமே அதன் அடையாளங்கள் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இன்றோ, அந்நோயாளரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு மோப்பக் குறைவு இருப்பதும், அது நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வந்துவிடக்கூடும் என்பதும் தெரிந்துள்ளன. நினைவை அழிக்கும் அல்சைமர் நோயிலும் தொடக்கத்திலேயே மணங்களை இனங்காண்பது தடுமாறுகின்றது.

இதைப் படித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மோப்பம் குறைந்தோருள் மிகப் பலருக்கு இந்நோய்கள் வருவதில்லை. ஆனால், மோப்பக் குறைவோடு நடையில் மந்தம், எழுத்து வரவரச் சிறுத்துப்போதல், முகத்தில் உணர்ச்சி குன்றுதல், அண்மைச் செய்திகளை அடிக்கடி மறத்தல் ஆகியவையும் சேர்ந்து தோன்றினால், நரம்பியல் மருத்துவரைக் காண்பது நன்று. ஒரு பக்க மூக்கில் மட்டும் மோப்பம் போதல், ஒரு பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டு இரத்தம் கசிதல், தீராத தலைவலியோடு பார்வை மங்குதல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தலாகாது. அரிதாக அங்கே கட்டி இருக்கவும் கூடும்.

மூக்கு என்னும் காவலாளி

மோப்பம் உண்பதற்கு இன்பம் தருவது மட்டுமன்று. அது வீட்டின் காவலாளியுமாகும். சமையல் எரிவாயுவிற்கு இயற்கையில் நாற்றமே இல்லை. எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகப் பொருளைச் சிறிதளவு கலப்பதனாலேயே அந்த அழுகல் நாற்றம் உண்டாகின்றது. இவ்வழக்கம் உறுதிப்பட்டதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உள்ளது. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ இலண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில், நாற்றமற்ற இயற்கை எரிவாயு எவரும் அறியாமல் கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றப்பொருளைக் கலக்கவேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. மோப்பம் இழந்தவருக்கோ, அந்தச் சட்டத்திற்கு முந்திய நிலையே இன்றும் நீடிக்கின்றது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

ஊசிப்போன குழம்பும், பூசணம் பிடித்த மாவும், தீயும் துணியும் அவருக்குத் தெரியமாட்டா. உப்பையும் சர்க்கரையையும் கூட்டுவதால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் மிகலாம். உணவில் நாட்டமின்றி உடல் மெலியலாம். தம் உடலிலும் உடையிலும் நாற்றம் வீசுகிறதோ என்னும் ஐயத்தால், நான்கு பேர் கூடும் இடத்திற்கு வரக் கூசுவோரும் உண்டு. பேரக்குழந்தையின் தலையை முகர்ந்து மகிழ்ந்த பாட்டிக்கு அந்த இன்பமும் போய்விடுகின்றது. இவற்றையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சோதித்துப் பார்த்தல். பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூள், கிராம்பு, சீரகம், குளியல் சோப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக, ஒரு பக்க மூக்கை அடைத்து மறுபக்கத்தால் முகரச் செய்யலாம். தலைவலித் தைலத்தையோ கற்பூரத்தையோ வைத்து மட்டும் சோதித்தல் கூடாது. அவற்றின் காரத்தை மூக்கிலுள்ள வேறொரு நரம்பும் உணரும். ஆதலின் மோப்பமே இல்லாதவரும் "தெரிகிறது" என்பார்.

இரண்டாவது, காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுதல். எப்பொழுது தொடங்கியது, சளிக்குப் பின்னரா, விழுந்த பின்னரா, என்னென்ன மருந்துகள் உண்கின்றார் என்பனவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுதல் நலம். பிறர் சொல்கேட்டுப் பச்சிலைச் சாற்றையும் காய்ச்சிய எண்ணெயையும் மூக்கில் ஊற்றுதல் தீது.

மூன்றாவது, மோப்பப் பயிற்சி. செர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் என நான்கு மணங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒவ்வொன்றையும் சுமார் பத்து விநாடி, அதன் பழைய மணத்தை மனத்தில் நினைந்தவாறே மெல்ல முகர வேண்டும். குறைந்தது 12 வாரங்கள் தொடர வேண்டும். எல்லாருக்கும் பயன் தரும் என்று உறுதி கூற இயலாது. எனினும், குறிப்பாகச் சளிக்குப் பின் மோப்பம் இழந்தோர் பலருக்கு இது உதவியுள்ளது. செலவோ மிகக் குறைவு. நான்கும் நம் அடுக்களையிலும் தோட்டத்திலும் உள்ளவையே.

நான்காவது, பாதுகாப்பு. எரிவாயு உருளையை இரவில் தவறாது மூடுதல், ரப்பர்க் குழாயை உரிய காலத்தில் மாற்றுதல், கசிவை ஒலியால் அறிவிக்கும் கருவியைப் பொருத்துதல், மீந்த உணவின்மேல் நாளைக் குறித்துவைத்தல் ஆகியன எளியவை. இக்கருவி அடுப்பு மேடைக்கு மேலே இருத்தலாகாது. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது, ஆகவே தரையை ஒட்டியே தேங்கும்.

ஐந்தாவது, உணவைச் சுவையுள்ளதாக்குதல். மணம் தெரியாதவருக்கும் புளிப்பும், மிளகின் காரமும், மொறுமொறுப்பும், சூடும் குளிர்ச்சியும் தெரியும். உப்பைக் கூட்டாமல் எலுமிச்சைச் சாறும் மிளகும் சேர்க்கலாம். மென்மையான சோற்றோடு பொரித்த அப்பளம் வைக்கலாம்.

அரசர் கேட்டு அனுப்பிய முதியவர்

விவிலியத்தில் சாமுவேல் இரண்டாம் நூலில் பர்சில்லாய் என்னும் முதியவர் ஒருவரைக் காண்கின்றோம். மகன் அப்சலோமுக்கு அஞ்சி ஓடிய தாவீது அரசருக்குக் கோதுமையும் தேனும் பாலாடையும் கொண்டுவந்து பசியாற்றியோருள் அவரும் ஒருவர். வெற்றியோடு திரும்பிய அரசர், தம்முடன் எருசலேமுக்கு வந்து அரண்மனையில் உண்டு வாழுமாறு அவரை அழைத்தார். தமக்கு வயது 80 என்றும், உண்பதன் சுவையும் குடிப்பதன் சுவையும் தமக்கு இனித் தெரிவதில்லை என்றும், அரசருக்குத் தாம் சுமையாக வேண்டாம் என்றும் அவர் பணிவோடு மறுத்தார். அரசர் அவரை வற்புறுத்தவில்லை. நன்றி மறந்தவர் என்று குறைகூறவும் இல்லை. முத்தமிட்டு ஆசி கூறி அனுப்பினார். பிறருக்கு உணவளித்த கையுடையவர், தாம் அவ்வுணவின் சுவையை இழந்ததைச் சொல்ல, அதைக் கேட்கும் செவி ஒன்று அங்கே இருந்தது.

நாம் தொடக்கத்தில் கூறிய பாட்டிக்கும் அத்தகைய செவி, காலந்தாழ்த்தியேனும், கிடைத்தது. காலைதோறும் அவர் தும்முவதைப் பல்லாண்டு எவரும் பொருட்படுத்தியதில்லை. மருத்துவர் பார்த்தபோது மூக்கின் இருபுறமும் சதை வளர்ந்திருந்தது. மருந்தும் பின்னர் அறுவை மருத்துவமும் செய்யப்பெற்றன. சில மாதங்களில் காப்பியின் மணம் திரும்பிற்று. பின்னர்க் கிராம்பு, அதன்பின் சிறிது மல்லிகை. பழைய கூர்மை முழுவதும் மீளவில்லை. மீளாது என்றே மருத்துவர் கூறியிருக்கின்றார். மாலைதோறும் பேத்தி நான்கு சிறு புட்டிகளோடு அவர் அருகில் அமர்கின்றாள்.

அடுப்பங்கரையும் பாட்டிக்குத் திரும்பக் கிடைத்தது. கடந்த திருவிழாவில் மீன் குழம்பை அவரே வைத்தார். அருகில் நின்ற மருமகள், சட்டியின்மேல் குனிந்து முகர்ந்து, "அத்தை, புளியின் பச்சை வாடை போய்விட்டது, இறக்கலாமா?" என்று கேட்டார். "இன்னும் ஒரு கொதி வரட்டும்" என்றார் பாட்டி.

அன்புள்ள குடும்பத்தாரே, நம் வீட்டுப் பெரியவரின் சமையல் மாறினால், உணவில் நாட்டம் குறைந்தால், தீய்ந்த நெடி அவருக்குத் தெரியாமற்போனால், கடிந்து பேசுவதற்கு முன் ஒரு கிராம்பை அவர் கையில் கொடுத்து, "மணக்கிறதா?" என்று கேட்போமாக. அந்த ஒரு கேள்வி, ஒரு நோயைக் காலத்தில் கண்டறிய உதவலாம். ஓர் இல்லத்தைத் தீயினின்று காக்கலாம். செய்யாத குற்றத்திற்குப் பழி சுமந்து மௌனமாய் இருக்கும் ஒரு முதிய உள்ளத்திற்கு அது ஆறுதலாகவும் அமையும்.